அம்மாவின் வலது கை

இறந்துபோன அம்மாவைக் குளிப்பாட்டி முடித்ததும், உறவுக்காரப் பெண் ஒருத்தி அம்மாவின் பாவாடை நாடாவில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள். "இனிமே இது ஒனக்குத்தான், பத்திரமா வச்சிக்கோ" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? பீரோ சாவி அது. அம்மாவின் இடுப்பில் உரசி உரசி விளிம்பெல்லாம் தேய்ந்து, தலையில் பொறித்திருந்த எண் அழிந்து வழவழவென்று இருந்தது. குளிப்பாட்டிய தண்ணீரின் ஈரம் வேறு. இருபத்து நான்கு வருடங்களில் அந்தச் சாவியை அம்மா ஒரு தடவைகூட என்னிடம் தந்ததில்லை. எனக்கு ஒரு சேலை வேண்டுமென்றாலும் முட்டுவலியோடு எழுந்து வந்து, அவளே திறந்து, அவளே எடுத்துக் கொடுத்து, அவளே பூட்டுவாள். நான் விருந்தாளி மாதிரி பக்கத்தில் நிற்பேன். கடைசியாக அது என் கையில் இருந்தபோது ஒரு உயிர் போயிற்று. ஆகவே அவள் தராததில் நியாயம் உண்டு என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். மற்றபடி அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பான். தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே "இது சங்கரன்கோவில் வண்டி, இது தென்காசி வண்டி" என்று உள்ளே இருந்தபடி சொல்லுவான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அவனுக்குக் காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுப்பது என் வேலை. எட்டு மணி ஆனால் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். "பாப்பா, மாத்திரை" என்று உள்ளங்கையை விரித்து நீட்டுவான். அந்தக் கை விரிந்தபடியே நிற்கும், மாத்திரை விழும்வரை.

முதலில் அந்த மாத்திரைகள் அடுக்களை அலமாரியில், காலி ஊறுகாய் பாட்டிலில்தான் இருந்தன. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இடம் மாறின. பெண் கேட்டு வருகிறவர்கள் கூடத்தோடு நிற்பார்களா? பெண்கள் அடுக்களைவரை வருவார்கள், தண்ணீர் குடிக்கிற சாக்கில் அலமாரியை ஒரு நோட்டம் விடுவார்கள். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் "அந்த வீட்ல வலிப்பு உண்டு" என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் அந்த வீட்டுப் பெண் அப்படியே இருந்துகொள்ள வேண்டியதுதான். எனக்கு மூன்று இடங்கள் அப்படித் தட்டிப்போயின. நாலாவது இடம் வருவதற்கு முன்னால் அம்மா பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பீரோவுக்குப் பக்கத்தில் காலண்டர். அதற்குப் பின்னால் ஓர் ஆணி. நான் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாவியை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். மாத்திரையையும் தெருமுனைக் கடையில் வாங்குவதில்லை. அந்த மருந்துக்கடை அண்ணாச்சி கல்யாணத் தரகருக்கு மச்சினன். அப்பா மாதம் ஒரு தடவை பாளையங்கோட்டைக்குப் போய், முகம் தெரியாத கடையாகப் பார்த்து வாங்கி வருவார்.

நாலாவது இடம் திசையன்விளை. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். தரகர் அவர்களிடம் "ஒத்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டார். அப்பா மறுக்கவில்லை, அம்மா மறுக்கவில்லை, நானும்தான். ஒத்தப் பெண் இருக்கிற வீட்டில் அண்ணனை எங்கே வைப்பது? ஆகவே பெண் பார்க்கும் சடங்கை எங்கள் வீட்டில் வைக்காமல் ஏரலில் சித்தி வீட்டில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அப்பாவும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே புறப்பட்டோம். அம்மா அண்ணனோடு இருந்துகொண்டாள். பெண்ணின் தாயார் ஏன் வரவில்லை என்று கேட்டால் கால் பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்வதாகப் பேச்சு. புறப்படுவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பட்டுச்சேலையையும் சங்கிலியையும் எடுத்தேன். பூட்டினேன். காலண்டரைப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது. சாவியோடு கை எங்கே போனது என்ற ஞாபகம்தான் இல்லை. கைப்பைக்குள் போயிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் மறதி என்று சொல்லி விட்டுவிடலாம். சனிக்கிழமை காலையில் ஏரலில் சீப்பை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். சாவி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். ஐயோ என்று இருந்தது. அப்பா வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும், ஒரு பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். சாவியைப் பைக்குள் போட்டேன். இட்லி சாப்பிட்டேன். சித்தி தலை பின்னிவிட்டாள், நடையைச் சரிபார்த்தாள், எப்படிக் காப்பி கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தாள். மறந்தே போனேன். எந்தச் சாமி முன்னால் நின்றும் இதைச் சத்தியம் பண்ணுவேன். ஞாயிறு மத்தியானம் வரை அந்தச் சாவி உலகத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு அவர்கள் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தொட்டு "ஒத்தப் பிள்ளைன்னு ரொம்பச் செல்லமோ?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். பதினொன்றரை வாக்கில் பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆபீஸ் விசயம், ஒண்ணுமில்ல" என்று சபையில் சொன்னார். இலை போட்டிருந்தது. எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார், அவர்கள் கை கழுவும்வரை நின்றார், வேனில் ஏற்றிக் கும்பிட்டு அனுப்பினார். வேன் திரும்பியதும் சித்தி வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உம் அண்ணன் போயிட்டாம்மா" என்றார். அந்த நிமிஷம்தான் சாவி ஞாபகம் வந்தது.

வீட்டில் நடந்ததை அம்மா எனக்கு முழுசாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் துண்டு துண்டாக வந்ததை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். வெள்ளி இரவு எட்டு மணிக்கு அண்ணன் கையை நீட்டியிருக்கிறான். ஆணியில் சாவி இல்லை. "நாளைக்குத் தாரேன்ல" என்று சமாதானம் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை ஏரலுக்கு போன் போட நினைத்திருக்கிறாள். "நான் கூப்புட்டா நீ கெளம்பி வந்துருவ. வந்தா எல்லாம் கெட்டுப்போவும். ரெண்டு நாளுதானன்னு இருந்துட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள். தெருமுனை மருந்துக்கடை எங்கள் வாசலிலிருந்து நாற்பது எட்டுகூட இருக்காது. அங்கே போகவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதல் வலிப்பு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா எதையும் பார்க்கவில்லை. அம்மிக்குழவியைத் தூக்கிப் பீரோவை இடித்திருக்கிறாள். கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு இன்னும் இருக்கிறது. பீரோ செய்த பேட்டைப் பட்டறைக்கு ஒரு ஆட்டோக்காரரை அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டிக் கிடந்தது. கண் திறக்காமலே ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு. அதே ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஆற்றுப்பாலத்தில் அண்ணன் அடங்கிவிட்டான். கீழே தாமிரபரணியில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொன்னாள். அதை ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து அழவில்லை, ஏசவில்லை. பட்டுச்சேலையும் பூவுமாக வந்து நின்ற என்னிடம் வலது கையை நீட்டினாள்.

"சாவி" என்றாள்.

கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கை நீண்ட விதம் எட்டு மணிக்கு அண்ணன் கை நீளும் விதமாகவே இருந்தது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். நாலு அடி அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அன்று மாலையே ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. திசையன்விளைக்குச் சொல்லவில்லை. யாருடைய சாவு என்று சொல்வது? தரகரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் மாதம் கல்யாணம். அழைப்பிதழில் அண்ணன் பெயர் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் யாரோ சொல்லி என் கணவருக்குத் தெரிந்தது. "ஒனக்கு ஒரு அண்ணன் உண்டாமே, ஏன் மறச்சீங்க?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நல்ல மனுஷர், கேட்காமலே இருந்துவிட்டார். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே என்றார்கள். சித்தி மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அம்மா பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

சாவுக்குப் பிறகு அம்மாவிடம் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, அவள் கேட்கும் கேள்வி. நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டுப் புறப்படும்போதெல்லாம் வாசலில் நின்று "ஏட்டி, சாவிய வச்சிட்டியா?" என்பாள். அந்த வீட்டுச் சாவி எதுவும் என்னிடம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். "வச்சிட்டேம்மா" என்பேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஊசி இறங்கும். குத்திக் காட்டுகிறாள், காட்டட்டும் என்று பஸ் ஏறுவேன். இன்னொன்று அவளுடைய வலது கை. அரிசியில் கை வைக்க முடியாமல் போயிற்று. எங்கள் வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் ஓர் அலுமினிய அரிசி டிரம் உண்டு. அதில் கையை விட்டு உழக்கால் அளந்து எடுத்தால் முழங்கைவரை சுணைக்கிறது என்பாள். "முள்ளங்கி இல மேல பட்ட மாதிரி சுணைக்குது ஏட்டி, தாங்க முடியல." கையில் ஒரு தடிப்பு இருக்காது, சிவப்பு இருக்காது. அவளோ ரத்தம் வருமளவுக்குச் சொறிவாள். பாளையங்கோட்டையில் மூன்று தோல் டாக்டர்களிடம் கூட்டிப்போனேன். களிம்பு தந்தார்கள். அரிசி வகையை மாற்றச் சொன்னார் ஒருவர். மாற்றினோம், அதுவும் சுணைத்தது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. டிரம்முக்குள் கை போனால்தான். கடைசியில் அப்பா கடையிலிருந்து ஐந்து கிலோ பையாக வாங்கி வந்து அவரே அளந்து கொடுத்தார். டிரம் புறவீட்டு அறையில் போய் ஒதுங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் தபாலில் மனோதத்துவம் படித்தேன். ஏன் அந்தப் பாடம் என்று கேட்டவர்களிடம் எளிதில் பாஸாகலாம் என்று சொன்னேன். இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் அதைத்தான் நடத்துகிறேன். நனவிலி மனம் என்று ஒரு பகுதி வரும். நாம் தாங்க மாட்டாத ஒன்றை மனம் அழித்துவிடுவதில்லை, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒதுக்கிவைக்கிறது. அது அங்கே சும்மா கிடக்காது, கை தவறுதலாக, நாக்குப் பிசகாக, காரணம் இல்லாத பயமாக, சில நேரம் உடம்பில் நோயாகவும் வெளியே வரும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துவேன். ஒரு பட்டாளத்துக்காரருக்குக் கை விளங்காமல் போன கதை, ஒரு பெண்ணுக்குத் திடீரென்று குரல் போன கதை என்று உதாரணமெல்லாம் சொல்லுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். சனிக்கிழமை அம்மாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போவேன். ஒரு நாள்கூட இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இதைவிட ஒரு வாத்தியாருக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்?

போன வருடம் பரீட்சைக்கு முன்னால் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், மறதி பாடம் நீங்க நடத்தவே இல்ல மேடம்" என்றாள். நடத்தியிருப்பேனே என்றேன். "இல்ல மேடம், போன வருசத்து அக்காமாருக்கும் நீங்க நடத்தலயாம். அதுக்கு முந்தின செட்டுக்கும் நடத்தலன்னு சொல்லுதாங்க." வகுப்பு சிரித்தது. மறதியைப் பற்றிய பாடத்தை மறக்கிற மேடம்! நானும் சிரித்தேன். ஓய்வறைக்கு வந்து என் பாடக்குறிப்பு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருட நோட்டுகள். அந்தப் பாடத்தின் ஐந்து பக்கங்களுக்கு எதிலும் குறிப்பு இல்லை. ஏற்கெனவே தெரிந்ததை மறக்க நமக்குள் யாரோ விரும்பியிருக்கலாம் என்று சொல்லும் பக்கங்கள் அவை. அன்றைக்கு ஒரு கேள்வியை என்னிடமே கேட்டேன். அண்ணன் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என் மனதின் ஏதாவது ஒரு மூலையில் இருந்ததா? இருந்தது. மூன்று இடம் தட்டிப்போன பிறகு இல்லாமல் இருக்குமா? அவன்மேல் உயிரையும் வைத்திருந்தேன். இரண்டும்தான் இருந்தன. அதற்கு மேல் யோசிக்கப் பயந்து நோட்டை மூடிவிட்டேன்.

அம்மா போனது அதற்குப் பிந்தி. அப்பா முன்பே போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்து வீட்டை ஒழிக்க நானும் மகளும் ஒரு காலையில் போனோம். மகள் கூடத்தில் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் புறவீட்டு அறையில் அந்த அலுமினிய டிரம்மைத் திறந்தேன். அடியில் இரண்டு உழக்கு அரிசி மக்கிப் பொடியாகி, வண்டுக் கூடுகளாகக் கிடந்தது. பேப்பரை விரித்துக் கவிழ்த்தேன். பொடியோடு டங்கென்று ஒரு சாவி விழுந்தது.

பீரோ வாங்கிய அன்று அப்பா இரண்டு சாவிகளை அம்மாவிடம் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். "ஒண்ண வெளிய வைப்பம். ஒண்ண நான் பாத்துக்கிடுதேன்" என்று அம்மா சொன்னதும் நினைவில் உண்டு. அண்ணனின் பதினாறு கழிந்த பிறகு நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு "இன்னொரு சாவி உண்டும்லாம்மா?" என்று கேட்டேன். "அது வாங்குன வருசமே தொலஞ்சு போச்சு" என்றாள் அம்மா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. திருடன் எங்கே தேடினாலும் அரிசிக்குள் கை விடமாட்டான் என்று அவளேதான் அதை ஒளித்து வைத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை அதே டிரம்மிலிருந்து அரிசி அளந்து அண்ணனுக்குச் சோறு வடித்திருக்கிறாள்.

சாவியைத் துடைத்துக்கொண்டு போய்ப் பீரோவில் போட்டேன். இறுக்கமாகத் திரும்பியது, ஆனால் திறந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. நான் மட்டும் இல்லை, நான் மட்டும் இல்லை என்று உள்ளே ஏதோ குதித்தது. இருபத்து நான்கு வருடம் தனியாகச் சுமக்க விட்டாயே என்று ஆத்திரமும் வந்தது. அப்புறம் கண் அந்த ஒடுக்கில் போய் நின்றது. சாவி இருக்கும் இடம் தெரிந்தவள் அம்மிக்குழவியைத் தூக்கி இரும்பை இடிப்பாளா? அவளுக்குத் தெரியாது. அப்படியானால் அந்தக் கை ஏன் சுணைத்தது? தெரிந்தும் இருந்திருக்கிறது. இருபத்தேழு வருடம் அவனைச் சுமந்து களைத்தவளுக்குள்ளும் எனக்கிருந்தது மாதிரி ஒரு மூலை இருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. வாசலில் நின்று "சாவிய வச்சிட்டியா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அவள் முகத்தை நான் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். படித்தவள் நான்தான். அவள் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிய கையில் களிம்பு தடவிவிட்டவளும் நான்தான். என்னம்மா உறுத்துகிறது என்று கேட்டதில்லை.

மகள் வந்து பின்னால் நின்றாள். என் ஒரு கையில் தேய்ந்த சாவி, இன்னொரு கையில் எண் அழியாத புதுச் சாவி.

"என்னம்மா கையில?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஏரலில் சபையில் அப்பா சொன்ன அதே சொல், அதே குரல்.

"ஒனக்கு ஒரு தாய்மாமா இருந்தாரு" என்றேன்.

அவள் விளங்காமல் பார்த்தாள். "எனக்கா? அப்ப காதுகுத்துக்கு ஏன் அவர் மடியில உக்கார வைக்கல?"

"அதுக்கு முன்னாலயே போயிட்டாரு." அண்ணனின் பெயரைச் சொன்னேன். அந்த வீட்டில் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்து இருபத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் அதை ஒரு தடவை தானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் கையை நீட்டினாள், வலது கையை, உள்ளங்கையை விரித்து.

"அது எந்தச் சாவி? காட்டும்மா."

இரண்டு சாவிகளையும் அவள் கையில் வைத்தேன்.

"உக்காரு, சொல்லுதேன்" என்றேன்.